ருசி பார்க்காத பாகு

கார்த்திகை தீபத்தன்று வீட்டில் பொரி உருண்டை பிடிப்பவர் ருசி பார்ப்பதில்லை. நைவேத்தியம் ஆகும்வரை ஒரு பொரியைக்கூட வாயில் போடக் கூடாது என்பது வழக்கம். உப்புப் பார்க்காமல் சமையலா என்று கேட்பவர்களுக்கு இது வேடிக்கையாகப் படலாம். அடுப்படியில் நின்று கவனித்தால், இந்த வழக்கம் எவ்வளவு நுட்பமான கைவேலையை வளர்த்துவிட்டிருக்கிறது என்பது தெரியும். ஐந்தாறு பங்கு அவல் பொரிக்கு ஒரு பங்கு வெல்லம் என்பது பொதுவான கணக்கு. நெல் பொரி என்றால் ஒட்டிக்கொண்டிருக்கும் உமியை முதலில் பொறுக்கிவிட வேண்டும். வெல்லத்தை மூழ்கும் அளவு நீரில் கரைத்து, வடிகட்டி மண் போக்கி, மறுபடி அடுப்பில் ஏற்றுவார்கள். பாகு முதலில் சளசளவென்று கொதிக்கும். பிறகு நுரைத்துப் பொங்கும். அதன்பின் நுரை அடங்கி, கனத்த குமிழிகளாக வெடிக்கும். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த நீர் இருக்கும். அதில் ஒரு சொட்டுப் பாகை விட்டால் கரைந்து ஓடக் கூடாது; விரலால் திரட்டினால் உருள வேண்டும்; அதை எடுத்துத் தட்டில் போட்டால் ‘ணங்’ என்று கேட்க வேண்டும். கேட்டதும் அடுப்பை அணைத்து, ஏலக்காய், சுக்கு, பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய், பொட்டுக்கடலை, பொரி எல்லாவற்றையும் கொட்டிக் கிளறி, அரிசி மாவு தொட்ட கையால் சூடு ஆறுவதற்குள் பிடித்துவிட வேண்டும். சத்தம் வருமுன் இறக்கினால் மறுநாள் உருண்டை பிசுபிசுத்து உதிரும். தாமதித்தால் பல்லுக்கு ஆபத்து. கண், விரல், காது, மூக்கு எல்லாம் வேலை செய்கின்றன. நாக்குக்கு மட்டும் விடுமுறை.

இந்த விடுமுறை எதற்கு என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: எச்சில் பட்டது சாமிக்கு ஆகாது. கேட்டவர் வாயை அடைக்கப் போதுமான பதில். ஆனால் சமய மரபையே சாட்சிக்கு அழைத்தால் நிற்காத பதில். எச்சில் என்பது இங்கே மேலோட்டமான காரணம். அடியில் இருப்பது உடைமை பற்றிய கேள்வி. ஒரு பண்டத்தை முதலில் சுவைப்பவர் அதைத் தன்னுடையதாக ஆக்கிக்கொள்கிறார். மற்றவருக்குப் போவது அவர் எடுத்ததுபோக உள்ள பாக்கி. ருசி பார்க்காமல் இருப்பது, தன் கையால் செய்த, தனக்கு மிகவும் பிடித்த ஒன்றின் மேலுள்ள பிடியைக் கொஞ்ச நேரம் தளர்த்துவது. கோயில் சடங்கில் இது வேறு வகையில் நடக்கலாம். வீட்டு அடுப்படியில் நடப்பது இதுதான் என்பது என் வாதம்.

எச்சில்தான் காரணம் என்றால் சைவமும் வைணவமும் தங்கள் உச்சியில் வைத்துப் போற்றும் இருவரை என்ன செய்வது? சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடிய பெரியபுராணத்தில் திண்ணன் என்ற வேடன் திருக்காளத்தி மலையில் இறைவனுக்கு ஊட்ட இறைச்சியைத் தீயில் வாட்டுகிறான். ஒவ்வொரு துண்டாக வாயில் அதுக்கிப் பார்க்கிறான். வெந்ததும் சுவையானதுமானதை இலைக் கல்லையில் சேர்க்கிறான், மற்றதைத் துப்பிவிடுகிறான். திருமஞ்சனத்துக்கு நீர் வருவதும் அவன் வாயில்தான். ஆகம விதிப்படி பூசை செய்யும் சிவகோசரியார் மறுநாள் வந்து, எலும்பும் இறைச்சியும் கிடப்பதைப் பார்த்துப் பதறுகிறார். இறைவன் அவர் கனவில் வந்து வேடன் பக்கமே பேசுகிறார். அந்த வாய்நீர் கங்கையைவிடத் தூயது என்கிறார். சிவகோசரியாரைச் சேக்கிழார் கேலிக்குரியவராக ஆக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். விதியும் இருக்கிறது, விதியை மீறியவனும் இருக்கிறான், இறைவன் இருவரிடமும் பூசை பெறுகிறார். வைணவத்திலோ பெரியாழ்வார் பெருமாளுக்குக் கட்டிய மாலையை அவர் மகள் ஆண்டாள் முதலில் தான் சூடி அழகு பார்க்கிறாள். தந்தை திகைத்து வேறு மாலை கட்ட, பெருமாள் கேட்டதோ அவள் சூடியதை. இது கதையோடு நின்றுவிடவில்லை. இன்றும் திருப்பதி பிரம்மோற்சவத்தின் கருட சேவைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் சூடிய மாலை போகிறது. தூய்மைதான் கடைசிச் சொல் என்று நம்பும் சமயம் இப்படி ஒரு வழக்கத்தை ஆண்டுதோறும் நடத்திக்கொண்டிருக்காது.

இவர்கள் விதிவிலக்கு, அடியார்க்கு உரியது அடுப்படிக்கு ஆகாது என்று சொல்லலாம். நியாயமான மறுப்புதான். ஆனால் விதிவிலக்கை உற்றுப் பார்த்தால்தான் விதி எதைக் காக்கிறது என்பது புலப்படும். திண்ணன் சுவைத்தது தன் பசிக்காக அல்ல. இறைவனுக்கு ஊட்டும்வரை அவன் எதுவும் உண்ணவில்லை. அவன் நாக்கு அந்த நேரத்தில் ஒரு கருவி. நல்லதைத் தேர்ந்து கொடுக்கும் வேலையை மட்டும் செய்தது. பொரி உருண்டை செய்கிறவருக்குக் கிண்ணத்து நீர் எப்படியோ, திண்ணனுக்கு நாக்கு அப்படி. ஆண்டாளும் மாலையை வைத்துக்கொள்ளவில்லை. பெருமாளுக்குத் தான் பொருத்தமாக இருப்பேனா என்று பார்த்தாள். இருவரும் விதியின் வெளிப்புறத்தை உடைத்தார்கள், உள்ளீட்டைத் தொடவில்லை. இராமனுக்காகச் சபரி பழத்தைக் கடித்துப் பார்த்தாள் என்ற கதையையும் பலர் இந்த வரிசையில் சேர்ப்பார்கள். அது வால்மீகியில் இல்லை. அங்கே அவள் காட்டில் விளைந்ததைச் சேகரித்து வைத்திருக்கிறாள், அவ்வளவுதான். பின்னால் வந்தவர்கள் கடித்துப் பார்த்ததாகச் சேர்த்தார்கள் என்பதே மக்கள் மனம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதற்குச் சான்று.

அடுத்த மறுப்பு இன்னும் கூர்மையானது. சாமி எங்கே சாப்பிடுகிறது? திரையை விலக்கினால் பத்து உருண்டையும் பத்தாகவே இருக்கிறது. காத்திருந்தது யாருக்காக? இந்தக் கேள்வியை நாத்திகர்தான் கேட்டார் என்று நினைக்க வேண்டாம். வேள்விக்காகவே வாழ்ந்த மீமாம்சகர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கேட்டுவிட்டார்கள். ஜைமினியின் சூத்திரங்களுக்கு உரை எழுதிய சபரர், தேவதை உண்பதில்லை என்று அடித்துச் சொல்கிறார். எதிர்வாதி விடவில்லை: தேனீ பூவிலிருந்து சாரத்தை மட்டும் எடுப்பதுபோல் தேவதை உணவின் சாரத்தை எடுத்துக்கொள்கிறது, அதனால்தான் படைத்த உணவு சுவையற்றுப் போகிறது என்கிறான். சபரரின் பதில், காற்றுப் பட்டு ஆறிப்போனால் எந்த உணவும் அப்படித்தான் ஆகும் என்பது. பொரி நமத்துப்போவதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இதற்கு நேர் எதிரில் திருநாரையூர்ச் சிறுவன் நம்பியாண்டார் நம்பி நிற்கிறான். தந்தை வெளியூர் போக, நைவேத்தியத்தை எடுத்துச் சென்று, பொள்ளாப் பிள்ளையார் உண்மையிலேயே உண்பார் என்று காத்திருக்கிறான். உண்ணாதது கண்டு தலையை மோதிக்கொள்ளப் போக, பிள்ளையார் தடுத்து உண்டார் என்பது வரலாறு. சபரரா, நம்பியா? இந்த வழக்கைத் தீர்க்காமலே நம் கேள்விக்குப் பதில் கிடைக்கும் என்பதுதான் சுவாரசியம்.

எப்படி என்றால், தேவதை உண்பதில்லை என்ற அதே மீமாம்சகர்கள் வேள்வியைக் கைவிடவில்லை. யாகம் என்பதன் உயிர் நெருப்பில் போடுவதில் இல்லை. ஒரு தேவதையைக் கருதி, ஒரு பொருளின் மேலுள்ள உரிமையை விடுவதில் இருக்கிறது என்றார்கள். பொருள், தேவதை, தியாகம் மூன்றும் சேர்ந்தால் யாகம். ‘இது என்னுடையது அல்ல’ என்று வேள்வி செய்பவன் சொல்லும் அந்தக் கணத்தில் வேலை முடிந்துவிடுகிறது. பெறுபவர் வாங்கிக்கொண்டாரா, உண்டாரா என்பது அதற்குப் பின் வரும் சங்கதி. கல்யாணத்தில் மணப்பெண்ணின் கையில் சகோதரன் பொரியை இட, அதை அக்னியில் சேர்க்கும் சடங்கிலும் இதுவே நடக்கிறது. நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் கண்ட திருமணக் கனவிலும் அந்தப் பொரி வருகிறது. பொரி உருண்டையைத் தட்டில் வைத்து நீர் சுற்றி நிவேதிப்பது அதன் வீட்டுச் சுருக்கம். நம்பியைப் போல நம்புகிறவருக்கு அது விருந்து. சபரரைப் போல நினைப்பவருக்கு அது தியாகம். இருவருமே ருசி பார்க்க மாட்டார்கள். தான் முதலில் தின்றுவிட்டு ‘என்னுடையது அல்ல’ என்று சொல்வதில் பொருளில்லை என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

கடவுளை அப்படியே ஒதுக்கி வைத்தாலும் இந்த வாதம் நிற்கும். திருக்குறளின் விருந்தோம்பல் அதிகாரத்தைப் பாருங்கள். விருந்தினர் வெளியே இருக்கத் தான் மட்டும் உண்பது, உண்ணும் பொருள் சாவா மருந்தாகவே இருந்தாலும் வேண்டத்தக்கதல்ல என்கிறார் வள்ளுவர். விருந்தினரை ஊட்டி மிஞ்சியதை உண்பவன் நிலத்துக்கு விதைக்கவும் வேண்டுமோ என்று கேட்கிறார். அங்கே மிச்சம் இழிவானதல்ல. அதை உண்பதே பெருமை. கீதையின் மூன்றாம் அத்தியாயத்திலும் வேள்வியில் எஞ்சியதை உண்பவர் பாவம் நீங்குகிறார், தனக்காகவே சமைப்பவர் பாவத்தையே உண்கிறார் என்ற கருத்து வருகிறது. ஒன்று இல்லறத்தானைப் பற்றியது, மற்றது வேள்வியைப் பற்றியது. இரண்டும் உண்ணும் வரிசையைத்தான் ஒழுங்குபடுத்துகின்றன. தூய்மை என்ற அளவுகோல் மட்டும் இருந்தால் மிச்சம் எப்போதும் தாழ்வாகவே இருக்க வேண்டும். பிரசாதம் என்பதே பிறகு சாத்தியமில்லை.

இந்த இடத்தில் தப்பிக்க முடியாத ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. எச்சில், தீட்டு என்ற பேச்சைக் கொண்டுதான் இந்த நாட்டில் மனிதரை மனிதர் தள்ளி வைத்தார்கள். தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை வைத்ததும் இதே பேச்சின் நீட்சி. அப்படிப்பட்ட ஒரு விதிக்கு ‘உடைமை’, ‘தியாகம்’ என்று அழகான காரணம் கற்பிப்பது வெள்ளையடிப்பு அல்லவா? தூய்மைக் காரணத்தைச் சொல்லி இந்த வழக்கத்தைக் காப்பாற்ற நினைப்பவர்களுக்கு இந்தக் குற்றச்சாட்டு முழுமையாகப் பொருந்தும். அவர்களுக்காக வாதாட நான் வரவில்லை. ஆனால் பொரி படைப்பது தூய்மைக் கோட்பாட்டின் குழந்தை அல்ல. திருமுருகாற்றுப்படையில் குறமகள் முருகனுக்கு வெறியாட்டு எடுக்கும்போது வெண்பொரி சிதறுகிறாள். அடுத்த மூச்சிலேயே கிடாயின் குருதி கலந்த அரிசி வருகிறது. மடி, ஆசாரம் பேசும் அடுப்படிக்கு வெகு முன்பே, குருதிக்குப் பக்கத்திலேயே பொரி படைக்கப்பட்டிருக்கிறது. அருணகிரிநாதரின் திருப்புகழ் அவலையும் பொரியையும் பிள்ளையாருக்கு உரியதாகச் சொல்லித்தான் தொடங்குகிறது. பூரி ஜகந்நாதர் கோயிலிலோ மகாபிரசாதம் என்று ஆகிவிட்டால் அதைச் சாதி பார்க்காமல் ஒன்றாக உண்பது மரபு. படைப்பதற்கு முன் இருந்த எந்த வேலியும் படைத்த பின் நிற்பதில்லை என்பதே அதன் அர்த்தம். வேலியை நம்புகிறவர்கள் பிரசாதத்தை உண்மையில் நம்புவதில்லை என்றுகூடச் சொல்வேன்.

வரிசைதான் முக்கியம் என்றால் பண்டம் எதுவானாலும் சரியா? இன்றைய பிள்ளைகள் வீட்டில் செய்வது பெரும்பாலும் கேரமல் பாப்கார்ன். சர்க்கரையைப் பொன்னிறமாக உருக்கி, வெண்ணெய் சேர்த்து, ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் பாகு நுரைத்து எழும். அதில் பொரிந்த மக்காச்சோளத்தைப் புரட்டி எடுத்தால் ஆயிற்று. மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்துத் தானியம், சாமிக்கு ஆகுமா என்று தயங்குபவர்கள் இருக்கிறார்கள். திருப்பதி லட்டில் இருக்கும் முந்திரியும் பிரேசிலிலிருந்து வந்ததுதான்; சாமிக்குச் சரமாகத் தொடுக்கும் செண்டுமல்லிக்குத் தாயகம் மெக்சிகோ. பொரியும் விதமும் ஒன்றே. தானியத்துக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி, வெளித்தோல் தாங்க முடியாமல் வெடிக்கிறது. மக்காச்சோளத்தில் ஏறத்தாழ 14 சதவீத ஈரம் இருந்தால் 180 டிகிரி செல்சியஸ் அளவில் நன்றாகப் பொரியும். 16ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவில் வாழ்ந்த ஸ்பானியத் துறவி சஹாகுன், அந்த நாட்டு மக்கள் பொரிந்த சோளத்தை ஆலங்கட்டியாகக் கருதி நீர்த் தெய்வத்துக்குத் தூவியதை எழுதி வைத்திருக்கிறார். நம்மைப் பற்றி எதுவும் அறியாதவர்கள், நாம் செய்வதையே செய்திருக்கிறார்கள். ஆக, கேரமல் பாப்கார்னையும் தாராளமாக நிவேதிக்கலாம். கடையில் வாங்கிய உருண்டைக்கும் தடை இல்லை. காசு கொடுத்ததும் அது நம் உடைமை, விட்டுக்கொடுக்க நமக்கு உரிமை வந்துவிடுகிறது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பொட்டலத்தில் வந்ததை ஐந்து நிமிடம் தொடாமல் இருப்பது பெரிய காரியம் இல்லை. வெல்லமும் ஏலக்காயும் மணக்க மணக்க, விரலில் பாகு ஒட்டியிருக்க, அந்த விரலை வாய்க்குக் கொண்டுபோகாமல் கழுவுவதில்தான் விடுவது என்றால் என்ன என்று உடம்புக்குத் தெரிகிறது. வீட்டில் செய்வதற்கு நான் காணும் ஒரே சமயக் காரணம் இது. மற்றபடி ஆரோக்கியம், கைமணம் என்பதெல்லாம் வேறு கணக்கு.

குழந்தைகளைக் காக்க வைக்கலாமா? கூடாது. விட்டுக்கொடுப்பதற்கு முதலில் ‘இது என்னுடையது’ என்ற உணர்வு முற்ற வேண்டும். மூன்று வயதில் அது முற்றியிருக்காது. குழந்தைகள் சிறுகையால் அளைந்த கூழ் அமிழ்தைவிட இனிது என்று சொன்ன வள்ளுவர், அளைந்ததை எச்சில் என்று எண்ணியிருக்க மாட்டார். வெண்ணெயைத் திருடித் தின்ற பிள்ளையைத் தெய்வமாகக் கொண்டாடும் வீட்டில், ஓர் உருண்டைக்குக் கைநீட்டும் பிள்ளையை அதட்டுவது பொருத்தமாகவும் இல்லை. கேட்டால் கொடுத்துவிடலாம். கொடுத்தது தோஷம் என்று பரிகாரம் தேடவும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று; என் வாதத்தை உண்மையில் அசைக்கக் கூடியது இதுதான். உண்ணும் வரிசை, பிறருக்குப் பின் உண்பது, மிச்சத்தை ஏற்பது என்று இவ்வளவு நேரம் புகழ்ந்ததையெல்லாம் இந்த நாட்டில் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்கள் பெண்கள். அவர்கள் விரும்பிச் செய்யவில்லை. அவர்கள் மேல் ஏற்றப்பட்டது. விரதம் இருந்து, அடுப்பில் வெந்து, உள்ளங்கை சிவக்க உருண்டை பிடித்து, எல்லாரும் எடுத்துக்கொண்ட பிறகு தட்டின் அடியில் உதிர்ந்து கிடக்கும் பொரியை உண்பவர் பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்தான். இதைத் தியாகம் என்று அழைத்துப் பழகிவிட்டோம். மீமாம்சகர்கள் கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். உள்ளதையெல்லாம் கொடுத்துவிட வேண்டும் என்று விதிக்கும் விசுவஜித் வேள்வியைப் பற்றி அவர்கள் நடத்திய விவாதம் ஒன்று உண்டு. வேள்வி செய்பவன் தாய் தந்தையரைக் கொடுக்கலாமா, அரசன் பூமியைக் கொடுக்கலாமா? இரண்டும் முடியாது, ஏனென்றால் அவை அவனுடைய உடைமை அல்ல என்று முடித்தார்கள். எது என்னுடையதோ அதைத்தான் நான் விட முடியும். பெண்ணுக்கும் சொத்துரிமை உண்டு, கணவனோடு சேர்ந்து வேள்வி செய்யும் தகுதியும் உண்டு என்று நிறுவியதும் அதே ஜைமினி சூத்திரங்கள்தாம். அதே அத்தியாயம் சூத்திரருக்கு அந்தத் தகுதியை மறுத்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. அந்த மறுப்பைத் தள்ளிவிட்டு அளவுகோலை மட்டும் எடுத்துக்கொண்டால் முடிவு தெளிவாக வருகிறது. முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை ஒருவருக்கு உண்மையில் இருந்து, அவர் அதை விட்டால் அது தியாகம். உரிமையே கொடுக்காமல் ஒருவரைக் கடைசியில் நிறுத்தினால் அதற்குப் பெயர் வேறு.

ஆகவே இந்தக் கார்த்திகைக்கு வீட்டில் பொரி உருண்டை பிடிப்பதாக இருந்தால், நைவேத்தியம் ஆனதும் தட்டிலிருந்து முதல் உருண்டையை எடுத்து அதைப் பிடித்தவர் கையில் கொடுங்கள். உதிர்ந்த பொரியை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்ளலாம்.